லிண்டன், கயானா: ஒரு பாக்சைட் ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயானா என்றதும் நம் ஊரில் பலருக்கு கிரிக்கெட் ஞாபகம் வரும், அண்மைக் காலமாக எண்ணெய்யும். அந்த நாட்டின் இரண்டாவது பெரிய ஊரான லிண்டனைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. நூறு ஆண்டுகளாகப் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டி, உலகத்தின் எஃகு உலைகளுக்கு உள்சுவர் கொடுத்த ஊர் அது. அதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லிண்டன் எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே சுமார் 105 கிலோமீட்டர் உள்ளே, டெமராரா ஆற்றின் இரு கரைகளிலும். கிழக்குக் கரையில் மெக்கன்சி, மேற்குக் கரையில் விஸ்மரும் கிறிஸ்டியன்பர்க்கும். இந்த மூன்றையும் 1970-இல் ஒன்றாக்கி, அப்போதைய பிரதமர் லிண்டன் ஃபோர்ப்ஸ் சாம்ப்சன் பர்னமின் முதல் பெயரை வைத்தார்கள். மக்கள் தொகை முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் ஒரு பேரூராட்சிதான், ஆனால் மொத்த நாட்டிலும் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாக்சைட்டை எப்படித் தோண்டுகிறார்கள்?

ஆழமான சுரங்கத்துக்குள் விளக்கு மாட்டிய தலைக்கவசத்தோடு இறங்கும் காட்சியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். லிண்டனில் எல்லாம் திறந்தவெளிக் குழிதான். மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையைக் கரைத்து, மற்ற தாதுக்கள் போய், அலுமினியம் மிகுந்த மண் தங்கியிருக்கிறது. அதன் மேல் பிற்காலத்தில் வெள்ளை மணலும் களிமண்ணும் வந்து படிந்துவிட்டன. லிண்டனின் எல்லாச் சிரமங்களும் இந்த மேல்மண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. சில குழிகளில் பாக்சைட்டைத் தொடுவதற்கு முன்பே ஐம்பது அறுபது மீட்டர் மணலை அள்ளிப் போட வேண்டும். ஜமைக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தாது கிட்டத்தட்ட தரைமட்டத்திலேயே கிடக்கிறது. அங்கே புல்டோசர் செய்யும் வேலைக்கு லிண்டனில் டிராக்லைன் வேண்டும். டிராக்லைன் என்பது ஒரு கட்டடம் அளவு எந்திரம். நீண்ட கை, அதிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கும் வாளி. வாளியை வீசி, இழுத்து, நிரப்பி, திரும்பிக் கொட்டும். அதை ஓட்டுபவருக்கு ஊரில் தனி மரியாதை உண்டு.

இவ்வளவு சிரமப்பட்டு எடுக்கும் அளவுக்கு அந்த மண்ணில் என்ன விசேஷம்?

இரும்பு மிகக் குறைவு. அதுதான் விசேஷம்.

உலகில் தோண்டப்படும் பாக்சைட்டில் பெரும்பகுதி அலுமினியத்துக்குப் போகிறது. லிண்டன் பெயர் வாங்கியது வேறொரு வகையில். இரும்பு குறைந்த அந்தத் தாதுவை நொறுக்கி, கழுவி, நீளமான உருளைச் சூளையில் போட்டு 1,600 டிகிரிக்கும் மேல் சுடுவார்கள். சூளை மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு முனையில் ஈரத் தாது உள்ளே போகும், மறுமுனையில் கல்லாக இறுகிய சரக்கு வெளியே வரும். நீர் முழுதும் போய், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு மட்டுமே மிஞ்சும். இதில் செய்த தீச்செங்கல் எஃகு ஆலை உலையின் கொதிப்பைத் தாங்கும், உருகாது. 1980களில் சீனா மலிவாக விற்கத் தொடங்கும் வரை உலகச் சந்தையில் இந்த உயர்தரச் சரக்குக்கு ஏறத்தாழ ஒரே ஊர் லிண்டன்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எஃகு வார்த்த பலர் லிண்டன் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று தெரியாமலே அதை நம்பிப் பிழைத்தார்கள்.

மெக்கன்சி யார்?

ஜார்ஜ் பெய்ன் மெக்கன்சி. முதல் உலகப் போருக்குச் சற்று முன் டெமராரா மேற்பகுதியில் நிலங்களை வாங்கிச் சேர்த்தவர். ஆரஞ்சுத் தோட்டம் போடப்போவதாகச் சொல்லி, விவசாயிகளிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினார் என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பத்திரத்தில் என்ன இருந்ததோ, ஏமாற்றப்பட்டோம் என்ற நினைப்பு அந்த ஊர் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1916-இல் டெமராரா பாக்சைட் கம்பெனி, சுருக்கமாக டெம்பா, அமெரிக்காவின் அல்கோவா குழுமத்தின் கிளையாகத் தொடங்கியது. 1928-இல் கனடாவின் அலுமினியம் லிமிடெட் கைக்குப் போனது. அதுதான் பின்னாளில் அல்கான்.

'கம்பெனி ஊர்' என்கிறார்களே, அன்றாட வாழ்க்கையில் அதற்கு என்ன பொருள்?

வீடு கம்பெனியுடையது. விளக்கு எரிவதும் குழாயில் தண்ணீர் வருவதும் கம்பெனியால். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிளப், எல்லாம் அதுதான். வேலை போனால் கிழக்குக் கரையில் இருக்க இடமும் போய்விடும். 1968-இல் நெடுஞ்சாலை திறக்கும் வரை ஜார்ஜ்டவுனுக்குப் போகக்கூட ஆற்றில் ஓடிய ஆர். எச். கார் என்ற நீராவிக் கப்பலைத்தான் நம்ப வேண்டும்.

மெக்கன்சிக்குள்ளேயே இரண்டு ஊர்கள் இருந்தன. தெற்கே வட்டூக்கா: வெள்ளைக்கார அதிகாரிகளின் குடியிருப்பு, வெட்டிய புல்வெளி, கோல்ஃப் மைதானம், கிளப். வடக்கே கொக்கட்டாரா: தொழிலாளர்களின் நெருக்கமான வீட்டு வரிசைகள். கறுப்பினத் தொழிலாளி வட்டூக்காவுக்குள் நுழைய அனுமதி வேண்டும். சமையல்காரராக, தோட்டக்காரராகப் போகலாம், விருந்தாளியாகப் போக முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விஸ்மரோ கம்பெனியின் கணக்கிலேயே இல்லை. ஒரே ஆலையில் வேலை பார்த்த இருவரில் கிழக்குக் கரைக்காரர் வீட்டில் மின்விளக்கு எரிய, மேற்குக் கரைக்காரர் படகேறிப் போய் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்.

கம்பெனி நல்லதே செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தது. அந்த ஆஸ்பத்திரி நாட்டிலேயே நல்ல ஆஸ்பத்திரிகளில் ஒன்று. டெம்பாவின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்த வெல்டர்களும் ஃபிட்டர்களும் எந்த நாட்டிலும் வேலை வாங்கக்கூடியவர்கள். ஆனால் கொடுப்பவர் ஒருவராகவே இருந்தால் பறிப்பவரும் அவராகவே இருப்பார். இதை லிண்டன்காரர்கள் மறுபடி மறுபடி அனுபவித்தார்கள்.

தொழிலாளர்கள் எதிர்க்கவில்லையா?

1947-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஏப்ரல் நடுவில் தொடங்கி 64 நாள் நீடித்தது. கூலி மட்டுமல்ல, தொழிற்சங்கத்தை அங்கீகரிப்பதும், நிறத்தைப் பார்த்து நடத்தும் விதமும் அதில் பேசப்பட்டன. வீடும் கடையும் கம்பெனி கையில் இருக்கும் இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தோட்டத் தொழிலாளர் வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஊருக்கு என்ன பங்கு?

போர் விமானத்தின் உடல் அலுமினியம். அந்த அலுமினியத்துக்கான தாதுவில் பெரும்பங்கு கயானாவிலிருந்தும் பக்கத்து நாடான சூரிநாமிலிருந்தும் வட அமெரிக்காவுக்குப் போனது. டெமராரா ஆற்றின் வாயில் மணல்திட்டு இருப்பதால் முழுப் பாரம் ஏற்றிய கப்பல் கடலுக்குள் போக முடியாது. ஆகவே மெக்கன்சியில் பாதி ஏற்றி, டிரினிடாடுக்குப் போய் அங்கே மீதியை நிரப்புவார்கள். 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கரீபியன் கடலில் இந்தத் தாதுக் கப்பல்களைக் குறிவைத்து மூழ்கடித்தன. இன்று ஜார்ஜ்டவுனுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும் செட்டி ஜெகன் விமான நிலையம், 1941-இல் அமெரிக்கர்கள் டெமராரா கரையில் அமைத்த அட்கின்சன் விமானத் தளம்தான்.

அங்கே இந்தியர்கள், தமிழர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபமில்லை.

1838 முதல் 1917 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், ஒரு சிறு பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். அந்தச் சிறு பகுதியினரின் வழித்தோன்றல்களை அங்கே இன்றும் 'மதராசி' என்கிறார்கள். நாட்டின் கிழக்கே பெர்பீஸ் பக்கம் காளி கோயில்களில் மாரியம்மனைக் கும்பிட்டு, தப்படித்து, சாமியாடுவது அவர்கள் கொண்டுபோன வழக்கம். ஆனால் இந்தியர்கள் பெருவாரியாகக் கடற்கரையோரத் தோட்டங்களிலேயே இருந்தார்கள். பாக்சைட் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். விஸ்மரிலும் கிறிஸ்டியன்பர்க்கிலும் இந்தியர்கள் கடை வைத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். சிலர் ஆலைக்கும் போனார்கள்.

1960களின் தொடக்கத்தில் அரசியல் இன அடிப்படையில் பிளந்தது. அப்போது ஆட்சியில் இருந்த செட்டி ஜெகனின் கட்சிக்குப் பின்னால் இந்தியர்கள், பர்னம் கட்சிக்குப் பின்னால் ஆப்பிரிக்கர்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் ஜெகனை இறக்குவதற்காக அந்தப் பிளவில் எண்ணெய் ஊற்றின. 1964 மே 25 அன்று விஸ்மரில் இந்தியர்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தது. கொலை, பாலியல் வன்கொடுமை, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தீ. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உடுத்திய துணியோடு படகிலும் கப்பலிலும் ஜார்ஜ்டவுனுக்கு ஓடினார்கள். காவல் துறையும் அரசின் தொண்டர் படையும் தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 6 அன்று 'சன் சாப்மன்' என்ற பயணிகள் படகு டெமராராவில் வெடித்துச் சிதறியது. இறந்தவர்கள் சுமார் 40 பேர், ஆப்பிரிக்க வம்சாவளியினர், பெரும்பாலும் மெக்கன்சி, விஸ்மர் பக்கத்து மக்கள். அதற்குப் பழிவாங்கலாக மிச்சமிருந்த இந்தியர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள்.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடும் வழக்கம் கயானாவில் இருக்கிறது. நாமும் 'நம் ஆட்கள்' என்று ஒரு பக்கத்தை மட்டும் சுமந்தால் அதே தவறைச் செய்வோம். விஸ்மரின் மே 25-ஐயும் அந்த ஜூலைப் படகையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

1971-இல் ஏன் நாட்டுடைமை ஆக்கினார்கள்?

தாது கயானாவின் மண்ணிலிருந்து போகிறது, லாபம் கனடாவில் எழுதப்படுகிறது என்ற கோபம் பல ஆண்டுகளாக இருந்தது. அரசு முதலில் கேட்டது 51 விழுக்காட்டுப் பங்கு. பேச்சுவார்த்தை முறிந்தது. 1971 ஜூலை 15 அன்று டெம்பா முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. புதுப் பெயர் கைபா, அதாவது கயானா பாக்சைட் கம்பெனி. சும்மா பறிக்கவில்லை, ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியோடு இருபது ஆண்டுகளில் அடைக்கும்படி அல்கானுக்கு இழப்பீடு ஒத்துக்கொண்டது. 1975 தொடக்கத்தில் பெர்பீஸ் ஆற்றங்கரையில் இருந்த ரெனால்ட்ஸ் கம்பெனியும் அரசுடைமை ஆனது.

ஊரில் இதைக் கொண்டாடினார்கள். வட்டூக்காவின் கதவு திறந்தது, அதிகாரி நாற்காலியில் கயானாக்காரர் உட்கார்ந்தார். அந்தப் பெருமிதம் உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. கூடவே, கம்பெனி கைமாறினால் ஓய்வூதியச் சேமிப்பு என்னாகும் என்ற கவலையில் தொழிலாளர்கள் அதே ஆண்டு வேலைநிறுத்தம் செய்ததையும் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் அரசும் கம்பெனியும் இருந்தன, தோண்டியவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

பிறகு ஏன் சரிந்தது? அரசு நிர்வாகம் சரியில்லையா?

நிர்வாகக் கோளாறு ஒரு காரணம், அது மட்டுமே காரணம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை.

சூளைகள் எரிவது கனரக எண்ணெய்யில். 1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை எகிறியபோது, அன்று சொந்த எண்ணெய் இல்லாத கயானாவுக்கு ஒவ்வொரு டன்னைச் சுடும் செலவும் ஏறியது. அந்நியச் செலாவணி வற்றியதால் டிராக்லைனுக்கு உதிரிபாகம் வாங்க முடியவில்லை. மேல்மண்ணை நேரத்துக்கு அள்ளாவிட்டால் அடுத்த ஆண்டு தோண்டத் தாது இருக்காது. இன்று தள்ளிப்போட்ட மணல் நாளை உற்பத்தி இழப்பாக வந்து நிற்கும். பாக்சைட்டிலிருந்து அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, பிரித்தெடுக்க 1961-இல் திறந்த ஆலையை 1982-இல் மூடினார்கள். அதே காலத்தில் சீனா மலிவான சுட்ட பாக்சைட்டோடு சந்தைக்குள் வந்தது. அரசியல் விசுவாசம் பார்த்து மேலாளர்களை அமர்த்தியதும், படித்த பொறியாளர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டதும் இதற்கு மேல் சேர்ந்துகொண்டன.

அலுமினியத்தையே அங்கே தயாரித்திருக்கலாமே?

நான்கைந்து டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் நம் வீட்டுக்கு அது நாலரை வருடத்துக்கு மேல் வரும். மலிவான நீர்மின்சாரம் இல்லாமல் இது நடக்காது. கயானாவில் அருவிகளுக்குக் குறைவில்லை, மசரூனி ஆற்றில் அணை கட்டும் திட்டமும் 1970களில் தீட்டப்பட்டது. கட்டப்படவில்லை.

சூரிநாம் கட்டியது. அல்கோவாவோடு 1958-இல் ஒப்பந்தம் போட்டு அஃபோபாக்கா அணையை எழுப்பி, பரனாமில் உருக்காலையும் வைத்தார்கள். அணை நீரில் மரூன் மக்களின் கிராமங்கள் மூழ்கின. தோட்ட அடிமைத்தளையிலிருந்து தப்பிக் காட்டுக்குள் சுதந்திரமாக வாழ்ந்தவர்களின் சந்ததியினர் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். உருக்காலை 1999-இல் மூடப்பட்டது, சில ஆண்டுகளுக்கு முன் அல்கோவாவும் நாட்டை விட்டே போனது. ஏரி இருக்கிறது, கிராமங்கள் இல்லை. ஆகவே 'ஆலை வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்' என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது சுரங்கம் யார் கையில்?

கைபா 1970களின் பிற்பகுதியில் கைமைன் ஆனது, 1992-இல் அது பிரிந்து லிண்டன் பகுதி லின்மைன் ஆனது. 2004-இல் கனடாவின் கேம்பியர் நிறுவனம் 70 விழுக்காட்டை எடுத்தது. 2007-இல் அந்தப் பங்கைச் சீனாவின் போசாய் குழுமம் வாங்கியது. மீதி 30 விழுக்காடு கயானா அரசுக்கு. லிண்டனின் சந்தையைச் சரித்த நாட்டுக் கம்பெனியே லிண்டனின் சூளையை வாங்கியதை ஊர்ப் பெரியவர்கள் ஆற்றாமையோடு சொல்வார்கள்.

2012-இல் ஏதோ துப்பாக்கிச் சூடு நடந்ததாமே?

ஆமாம், மின்கட்டணத்துக்காக. டெம்பா காலத்திலிருந்து லிண்டனின் மின்சாரம் சுரங்கத்தின் மின்நிலையத்திலிருந்துதான் வந்தது, அதனால் கட்டணம் மிகக் குறைவு. மானியத்தைக் குறைக்க அரசு முடிவெடுத்தபோது, வேலையும் போய் விளக்குக்கும் விலையா என்று ஊர் கொதித்தது. ஜூலை 18 அன்று மெக்கன்சி, விஸ்மர் பாலத்தை மறித்து நின்றார்கள். பாக்சைட் கொண்டுவரக் கம்பெனி 1967-இல் கட்டிய, ஒரு வண்டி மட்டுமே போகும் பாலம் அது. அன்று மாலை அங்கே மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் சாலைகள் மறிக்கப்பட்டன. ஜமைக்காவின் முன்னாள் தலைமை நீதிபதி லென்ஸ்லி உல்ஃப் தலைமையிலான விசாரணைக் குழு, சாவுகளுக்குக் காவல் துறையே பொறுப்பு என்று கண்டது.

வெளியூர்க்காரர்கள் 'ஓசி மின்சாரத்துக்குப் பழகிவிட்டார்கள்' என்று எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாதிக் கூலியை வீடாகவும் விளக்காகவும் தண்ணீராகவும் கொடுத்த ஏற்பாடு அது. கூலி நின்ற பிறகு எஞ்சியது விளக்கு மட்டும்தான்.

தூசியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. சூளைப் புகைபோக்கியிலிருந்து வெளிறிய நுண்தூசி காற்றடிக்கும் பக்கமெல்லாம் படியும். கூரைத் தகரம், ஜன்னல் விளிம்பு, மாமர இலை, கொடியில் காயும் துணி, எதையும் விடாது. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்தும் வீடுகளில் அது தண்ணீருக்கும் வரும். தூசி பிடிக்கும் கருவி மாட்டுவோம் என்ற வாக்குறுதி உரிமையாளர்கள் மாறியபோதெல்லாம் வந்தது, ஊர்க்காரர்களின் புகாரும் விடாமல் தொடர்ந்தது.

இணையத்தில் அழகான நீல ஏரிப் படங்கள் வருகின்றனவே?

அவை ஏரிகள் அல்ல, தோண்டிவிட்டுப் போன குழிகள். மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்து, தாதுக்களும் அமிலத்தன்மையும் சேர்ந்து அந்த நீலம் வருகிறது. சுற்றிலும் வெள்ளை மணல் மேடு. பார்க்க அழகுதான். ஆனால் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே செங்குத்தாக இறங்கும் இடங்கள் உண்டு, மணல் சரியும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. குழியை மூடி மரம் நட்டிருக்க வேண்டியது தோண்டியவர்களின் கடமை. அதைச் செய்யாமல் விட்டதைச் 'சுற்றுலாத் தலம்' என்று விளம்பரம் செய்வது எனக்கு உறுத்துகிறது.

எண்ணெய்ப் பணம் லிண்டனுக்கு வருகிறதா?

2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். சாலை, பாலம், கட்டட வேலைகள் லிண்டனிலும் நடக்கின்றன. நிலையான வேலைகள் பெரும்பாலும் கடற்கரையில்தான். லிண்டன் இளைஞர்கள் பலர் உள்நாட்டுத் தங்கச் சுரங்கங்களுக்கும் மரம் வெட்டும் இடங்களுக்கும் போகிறார்கள்.

போய்ப் பார்க்க வேண்டும் என்றால்?

ஜார்ஜ்டவுனில் 43-ஆம் எண் மினிபஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லிண்டன். சூஸ்டைக் என்ற ஊரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வெள்ளை மணல் தொடங்கும், அதுதான் மேலே சொன்ன மேல்மண். மெக்கன்சியில் இறங்கி ஊர் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், டெம்பா காலத்துப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. பிறகு படகில் ஆற்றைக் கடந்தால் கிறிஸ்டியன்பர்க்கில், பாக்சைட்டுக்கு அறுபது ஆண்டுகள் முன்பே பாட்டர்சன் மர அறுவை ஆலைக்காக அமைக்கப்பட்ட இரும்பு நீர்ச்சக்கரம் நிற்கிறது. சூளைப் பக்கமும் குழிகளுக்குள்ளும் போக நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

சந்தையில் வயதானவர் யாரையாவது பார்த்தால் டிராக்லைனைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு மதியம் முழுவதும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.